ஒடுங்காதே, உள்ளே வா!

தம்பி, தங்கையே! நியமன ஆணை கைக்கு வந்துவிட்டது. அம்மா அதைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டாயிற்று. அப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. வீடே சந்தோஷத்தில் இருக்கும்போது உனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. எல்லாரும் இங்கிலீஷில் பேசினால் என்ன செய்வேன்? எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது? மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசுவாரா? முதல் நாளே ஏதாவது உளறி, எல்லாரும் சிரித்துவிட்டால்?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உனக்கு முன்னால் உன் வீட்டிலிருந்து யாரும் அலுவலகம் போனதில்லை. வயலில் நின்ற அப்பாவும், சித்தாள் வேலைக்குப் போன அம்மாவும் உனக்கு உழைப்பைக் காட்டினார்கள். ஃபைல் எப்படி நகரும், மேலாளரிடம் எப்படிப் பேசுவது, மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்று சொல்லித்தர அவர்களால் முடியவில்லை. பரம்பரையாக உத்தியோகம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே வந்து சேர்ந்துவிடும். உனக்கு வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அறிவில் வித்தியாசம் இல்லை. தகுதியில் வித்தியாசம் இல்லவே இல்லை!

ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த வேலையை உனக்கு யாராவது தானமாகக் கொடுத்தார்களா? நீ தேர்வு எழுதினாய். நேர்காணலில் உட்கார்ந்து வியர்த்தாய். பல பேர் நின்ற வரிசையில் உன்னை எடுத்தார்கள் என்றால், உன்னால் அவர்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதற்கு ஆள் வேண்டும் என்று தேடி, உன்னைக் கண்டெடுத்தார்கள். அப்படியிருக்க எதற்காகத் தோளைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போகிறாய்?

உன்னைப் போன்றவர் நீ ஒருவர் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தை 47 சதவீதம் என்கிறது. இந்தியாவின் சராசரி 28.4. இந்த 47-க்குள் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி, கட்டணச் சலுகையில் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். நீ போகிற அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும் அப்படி வந்தவராக இருக்கலாம். உன்னைப் போலவே முதல் நாள் அவருக்கும் கை நடுங்கியிருக்கும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. புதிய இடத்தில் நம் பிள்ளைகளுக்குப் பெயர் கெடுவது பெரும்பாலும் திறமை இல்லாததால் நடப்பதில்லை. ஒடுங்கிப்போவதால் நடக்கிறது. தெரியாததைக் கேட்கக் கூச்சம். தெரிந்ததைச் சொல்லக் கூச்சம். வந்த இடத்தைச் சொல்லக்கூடக் கூச்சம். இந்தக் கூச்சத்தைப் பணிவு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எதிரில் இருப்பவருக்கு அது அக்கறையின்மையாகத் தெரிகிறது. எத்தனை பெரிய அநியாயம் இது! ராத்திரியெல்லாம் கவலைப்படுகிற பிள்ளைக்கு, வேலையில் கவலையே இல்லாதவன் என்று பெயர்!

1912-ஆம் வருடத்துச் சென்னையைப் பார். துறைமுகத்தை நிர்வகித்த போர்ட் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் விண்ணப்பம் எழுதுகிறார். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் கணக்கர். பிள்ளை கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்விலும் தோற்றவர். பட்டம் கிடையாது. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரம் தற்காலிக வேலை பார்த்ததுதான் அனுபவம். பிப்ரவரி 9-ஆம் தேதியிட்ட அந்த விண்ணப்பத்தில் அவர் பட்டம் இல்லாததை மூடி மறைக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றதைச் சொன்னார். கணிதத்தில் உழைத்துவருவதைச் சொன்னார். வேலை கொடுத்தால் அதைச் சரியாகச் செய்யத் தன்னால் முடியும் என்ற உறுதியையும் எழுதினார். மார்ச் 1 அன்று கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். பெயர், சீனிவாச ராமானுஜன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனி. அந்த அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்த எழுத்தருக்குப் பக்கபலமாக நின்றார்கள். நாராயண ஐயருக்கே கணிதத்தில் பயிற்சி உண்டு. வேலை முடிந்த பின் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எந்த மேலதிகாரியும் காரணமில்லாமல் ஒரு எழுத்தருக்காக இவ்வளவு மெனக்கெட மாட்டார். ராமானுஜன் தன்னிடம் இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார், அவர்களுக்கும் பார்க்கக் கிடைத்தது. 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் அதே நேர்மைதான். தான் துறைமுக அலுவலகத்தில் சொற்பச் சம்பளம் வாங்கும் ஓர் எழுத்தர் என்று தொடங்கினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்றார். உடனே தன் தேற்றங்களை அடுக்கினார். 1914 மார்ச் 17-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்!

நீ ராமானுஜனாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மூளை நூற்றாண்டுக்கு ஒன்று பிறக்கும். ஆனால் அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதம் உனக்கும் எனக்கும் முடியும். நான் இன்னார், என்னிடம் இது இல்லை, இது இருக்கிறது, என் வேலை இதோ. இவ்வளவுதான் அறிமுகம். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் என்றால் திண்டிவனம் பக்கத்துக் கிராமம் என்று சொல். சென்னை என்று ஏன் பொய் சொல்கிறாய்? தமிழ்வழியில் படித்தேன் என்று தலை நிமிர்ந்து சொல். நீயே உன் ஊரை மறைத்தால் மற்றவர் அதை எப்படி மதிப்பார்?

உடுப்புக்கும் இதே நியாயம்தான். சென்னையில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த இந்திரா நூயி மேற்படிப்புக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நேர்காணலுக்காக மலிவு விலையில் ஒரு கோட்டும் பேன்ட்டும் வாங்கினார். அளவு பொருந்தவில்லை. போட்டுக்கொண்டு போனபோது கூனிக் குறுகிப்போனார். அங்கே வேலைவாய்ப்பைக் கவனித்த அம்மையார், இந்தியாவில் என்றால் எதை உடுத்துவாய் என்று கேட்டார். சேலை என்றார் இவர். அடுத்த நேர்காணலுக்குச் சேலையே கட்டிப் போ என்று அவர் சொல்ல, இவரும் அப்படியே போனார். பூஸ் ஆலன் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அந்தக் கோடை முழுக்கச் சேலையிலேயே வேலைக்குப் போனதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2006-இல் பெப்சிகோவின் தலைமை நிர்வாகி ஆனவர் அவர்தான்.

ஆகவே கடன் வாங்கி பிராண்ட் சட்டை வாங்காதே. துவைத்து, இஸ்திரி போட்ட இரண்டு சட்டை போதும். நகம் வெட்டியிருக்கட்டும். செருப்பு சுத்தமாக இருக்கட்டும். நிறுவனத்துக்குச் சீருடையோ விதியோ இருந்தால் அதைப் பின்பற்று. அதற்குமேல் கண்ணாடி முன் நேரத்தைச் செலவழிக்காமல் பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பு. சீக்கிரம் போய்ச் சேருகிறவருக்கு யாரும் சொல்லாத ஒரு மரியாதை கிடைக்கிறது. பூட்டைத் திறக்கிறவர், தரையைக் கூட்டுகிறவர், டீ கொண்டுவருகிறவர் இவர்களோடு முதலில் பழக்கமாவது நீதான். அலுவலகத்தின் உண்மையான நடப்பு அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேருகிற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வரப் பல மாதம் ஆகலாம். அதுவரை யாரும் சும்மா உட்கார வைக்க மாட்டார்கள். முதல் வாரமே ஒரு பிரிவைக் கையில் கொடுத்து, பழைய கோப்புக் கட்டுகளை மேசையில் அடுக்கிவிடுவார்கள். வந்த தபாலைத் தன்பதிவேட்டில் பதிய வேண்டும். கோப்பைப் படித்துக் குறிப்பு எழுத வேண்டும். வரைவு போட வேண்டும். இதில் எதுவும் தேர்வுப் பாடத்தில் வரவில்லை. கண்காணிப்பாளர் வேகமாக ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். நீ என்ன செய்கிறாய்? தலையை ஆட்டுகிறாய். ஒன்றும் புரியாமலே, சரி சார் என்கிறாய்.

அங்கேதான் ஆரம்பிக்கிறது எல்லாக் கேடும்! புரியாமல் தலையாட்டிய அந்தக் கோப்பு உன் மேசையில் உறங்கும். ஒரு வாரம் கழித்து அவர் கேட்பார். நீ விழிப்பாய். அந்தக் கோப்பில் ஒரு விதவைத் தாயின் உதவித்தொகை இருக்கலாம், ஒரு மாணவரின் சாதிச் சான்றிதழ் இருக்கலாம். உன் கூச்சத்துக்கு விலை கொடுப்பவர் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார்.

கேள்! நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள். எழுதி முடித்ததும், சார், நான் புரிந்துகொண்டது இது, சரிதானா என்று உன் வார்த்தையில் திருப்பிச் சொல். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். இப்படிக் கேட்பவரைப் பற்றி எந்த மேலதிகாரியும் மட்டமாக நினைப்பதில்லை. எழுதி வைக்காமல் அதையே நாளைக்கும் மறுநாளும் போய்க் கேட்டால் எரிச்சல்தான் வரும். கேட்பதற்கு முன் அதே மாதிரியான பழைய கோப்பு ஒன்றைப் பதிவறையிலிருந்து எடுத்துப் படித்துவிடு. முன்னால் இருந்தவர் எப்படிக் குறிப்பு எழுதினார், எந்த அரசாணையைக் காட்டினார் என்பது அதிலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கேட்கிற கேள்வியில் உன் உழைப்பு தெரியும். அந்தப் பிள்ளை விவரமானது என்று மாலைக்குள் பேச்சு பரவும்.

கிராம நிர்வாக அலுவலராகப் போகிற பிள்ளைக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன். ஒரு காலத்தில் ஊர்க் கணக்கு கர்ணம், மணியக்காரர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஊரின் நிலமெல்லாம் சில வீடுகளின் பெட்டிக்குள் கணக்காகக் கிடந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்தது, தேர்வாணையத் தேர்வு வழியாக யாருடைய பிள்ளையும் அந்த நாற்காலிக்கு வர முடிந்தது. இன்று பத்தாம் வகுப்புத் தகுதியில் குரூப் 4 எழுதி, அ-பதிவேட்டையும் அடங்கலையும் கையில் வாங்குகிறாய். உன் தாத்தா எந்த வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாரோ, அந்த வாசலின் வேலை இன்று உன் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அதில் போய் உட்காரக் கூச்சமா உனக்கு?

உட்கார்! உட்கார்ந்ததும் அதிகாரம் காட்டாதே. கிராம உதவியாளரை மரியாதையாக அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவா. ஐயா, இந்தப் புல எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டால், வரப்பையும் வாய்க்காலையும் காலால் நடந்தே காட்டுவார். புலப்படத்தில் பார்த்த கோடு தரையில் எப்படி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உனக்கு விளங்கும். உன்னைவிடச் சம்பளம் குறைந்தவரிடம் கற்றுக்கொண்டால் உன் மதிப்பு குறையும் என்று யார் சொன்னார்கள்? ஊர் உன்னை எடைபோடுவது அவரிடம் நீ பேசுகிற விதத்தை வைத்துத்தான்.

ஐ.டி. நிறுவனத்துக்கோ வங்கிக்கோ போகிறவர்களை ஆங்கிலம் மிரட்டுகிறது. மிரட்டட்டும், நீ மிரளாதே. கூட்டத்தில் ஐந்து நிமிடம் சரளமாகப் பேச முடியவில்லையா? ஒரே ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல். என்ன முடித்தேன், எது நிற்கிறது, யாருடைய உதவி வேண்டும் என்று மூன்றே விஷயம். முந்தைய இரவே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போ. இலக்கணம் பிசகினாலும் தகவல் பிசகக் கூடாது. மின்னஞ்சலைச் சின்னதாக எழுது. சக ஊழியர் எழுதிய நல்ல மின்னஞ்சல்களைப் படித்து அந்த நடையைப் பிடித்துக்கொள். பேசப் பேசத்தான் மொழி வரும், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எத்தனை வருடமானாலும் வராது. உன் உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்தால் அவர் முகத்தைப் பார்த்தபடி உன் வாக்கியத்தை முடி. முடித்துவிட்டு உட்கார்.

சொன்ன நேரத்துக்குச் சொன்னதைக் கொடு. முடியாது என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே போய்ச் சொல். தவறு செய்துவிட்டால் அன்று மாலைக்குள் சொல்லிவிடு. ரசீதில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டதா, தவறான கிளையின் கணக்கில் பதிந்துவிட்டதா, எந்திரத்தில் கூடாத சத்தம் வருகிறதா, ஒளிக்காதே. அன்றைக்கே சொன்னால் அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம். ஒளித்துவைத்துத் தணிக்கையில் வெளியே வந்தால் நீ செய்த தவறோடு நீ மறைத்ததும் சேர்ந்து பேசப்படும். அலுவலகத்து ஊர்க்கதையிலும் கோஷ்டியிலும் முதல் மாதம் வாயைக் கொடுக்காதே, அவ்வளவுதான். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நின்று கேள். நல்ல பெயர் வாங்குவது என்பது எல்லாவற்றுக்கும் தலைகுனிவது இல்லை. முதல் நாளே எதையெல்லாமோ நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். படித்துவிட்டுப் போடு. படிக்க நேரம் வேண்டும் என்று கேள். கேட்பதில் குற்றம் எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டு, ஆனால் கையோடு திரும்ப வாங்கி வா. பத்து வருடப் படிப்பை ஒருவர் அலமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு உன்னைக் கட்டிப்போட விடாதே! சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்கள் என்றால் உன் பங்கு பொதுவாக 12 சதவீதம், நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். உனக்கு 12 இலக்க எண் ஒன்று வரும். அதைக் கேட்டு வாங்கி, பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்று கேள். உன் அம்மா அப்பாவின் மருத்துவத்துக்கே அது கைகொடுக்கக்கூடும்.

ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிற தங்கையே, உனக்கும் சொல்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதுதான் நல்ல ஊழியருக்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். வாடிக்கையாளரைச் சிரித்த முகத்தோடு கவனி, விலையையும் அளவையும் விரல்நுனியில் வைத்துக்கொள், ஆள் இல்லாத நேரத்தில் உட்கார். அது உன் உரிமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த வாரத்திலேயே தெரிந்துகொள். புதிதாக வந்தவள் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

அரசு வேலையில் இரண்டு ஆண்டு தகுதிகாண் பருவம். தனியாரில் சில மாதம். அந்தக் காலத்தில் உன்னை அவர்கள் பார்க்கிறார்கள் என்று பயந்து பயந்து வாழாதே. நீயும் அவர்களைப் பார். யார் வேலையைச் சுத்தமாகச் செய்கிறார், யார் எளியவரிடம் தன்மையாகப் பேசுகிறார் என்று பார்த்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொள். அக்கா, அண்ணே என்று உரிமையோடு கேட்டால் சொல்லித்தர மறுப்பவர்கள் நம் அலுவலகங்களில் குறைவு.

உன்னிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ உன் பிரிவுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வரும். ஏதோ ஒரு கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். அந்தப் பிள்ளையை நிற்க விடாதே. எழுந்து போய்ப் பேர் கேள். உட்கார இடம் காட்டு, குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று சொல். மதியம் உன் டிபன் பாக்ஸோடு பக்கத்தில் உட்கார வை. உன் நோட்டில் முதல் வாரம் நீ எழுதிவைத்த பக்கங்களை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடு.